ஆர்க், ஆர்கான், பிளாஸ்மா மூன்றும் ஒரே மெஷினில்: புதியவர்களுக்கான செய்முறை

ராடு (பூச்சுள்ள வெல்டிங் குச்சி) கொண்டு செய்யும் ஆர்க் வெல்டிங், பட்டறைகளில் ஆர்கான் வெல்டிங் என்று அழைக்கப்படும் டிக் வெல்டிங், அழுத்தக் காற்றால் தகட்டை அறுக்கும் பிளாஸ்மா கட்டிங் ஆகிய மூன்றையும் ஒரே பெட்டியில் அடக்கிய இன்வெர்ட்டர் வகை (மின்னணுச் சுற்றால் மின்சாரத்தை மாற்றித் தரும்) மெஷின்கள் இப்போது சிறு பட்டறைகளிலும் காணப்படுகின்றன. இவற்றை வாங்கும் புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில்தான். முன்பக்கத்துச் சுவிட்சைத் திருப்புவதோடு கேபிள், வாயு, முகமூடிக் கண்ணாடி ஆகியவற்றையும் மாற்ற வேண்டியிருக்கிறது.

மின்னழுத்தத்தைப் பார்த்தால் மூன்றும் எவ்வளவு வேறானவை என்பது புரியும். சர்வதேசத் தரநிலைக் கணக்கின்படி 100 ஆம்பியரில் ராடு வெல்டிங்குக்கு 24 வோல்ட் வேண்டும். அதே 100 ஆம்பியரில் டிக் வெல்டிங்குக்கு 14 வோல்ட் போதும். பிளாஸ்மாவுக்கோ 30 ஆம்பியரிலேயே 92 வோல்ட் தேவைப்படுகிறது. ஆர்க் பற்றுவதற்கு முன்பு, கையில் பிடித்து அறுக்கும் பிளாஸ்மா டார்ச்சில் நிற்கும் மின்னழுத்தம் பல மெஷின்களில் 200 வோல்ட்டைத் தாண்டும். ஆகவே ராடு ஹோல்டரைக் கையாண்டு பழகிய அலட்சியத்துடன் பிளாஸ்மா டார்ச்சைத் தொடக் கூடாது.

படி 1: மின் இணைப்பு

ஒற்றை ஃபேஸ் 230 வோல்ட்டில் ஓடும் மெஷினாக இருந்தாலும், வீட்டு 16 ஆம்பியர் பிளக்கில் செருகி முழு ஆம்பியரில் வேலை செய்ய முடியாது. தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 32 ஆம்பியர் எம்.சி.பி. (மின்சாரம் மிகுந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), முறையான எர்த் ஆகியவற்றை எலக்ட்ரீஷியனைக் கொண்டு அமைத்துக்கொள்ளுங்கள். நீட்டிப்புக் கம்பி பயன்படுத்தினால் சுருளை முழுவதும் பிரித்துவிட வேண்டும். சுருண்ட கம்பி சூடேறி உறை உருகும். மெஷினின் பின்புறம் சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி இருக்கட்டும்.

மெஷினில் ஒட்டியுள்ள விவரத் தகட்டில் 60 சதவீதம் என்று குறித்திருந்தால், 40 டிகிரி வெப்பநிலையில், அந்த ஆம்பியரில், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் மட்டுமே வேலை செய்யலாம் என்று பொருள். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் அந்த 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டிவிடும் என்பதால், குறித்ததைவிடக் குறைவாகவே எதிர்பாருங்கள். சூட்டு எச்சரிக்கை விளக்கு எரிந்தால் மெஷினை அணைக்காமல், மின்விசிறி ஓடி உள்ளே ஆறும்வரை விட்டுவிடுங்கள்.

படி 2: ராடு வெல்டிங்

கற்கத் தொடங்குபவர் இதிலிருந்து தொடங்குவதே நல்லது. 6013 வகை ராடில் 2.5 மில்லிமீட்டருக்கு 60 முதல் 90 ஆம்பியரும், 3.15 மில்லிமீட்டருக்கு 90 முதல் 130 ஆம்பியரும் பொருந்தும். இந்த ராடு மெஷினின் பிளஸ், மைனஸ் முனைகள் இரண்டிலும் எரியும். 7018 வகைக்கு ஹோல்டர் பிளஸிலும் எர்த் (இங்கே, வேலைத் துண்டைக் கவ்வும் கிளாம்பின் கேபிள்) மைனஸிலும் இருக்க வேண்டும். எர்த் கிளாம்பைப் பெயின்டின் மீதோ துருவின் மீதோ கவ்வ விடாமல், கிரைண்டரால் தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் மாட்டுங்கள். முகமூடிக்கு 10ஆம் எண் கருப்புக் கண்ணாடி (எண் கூடினால் கருமை கூடும்).

படி 3: டிக் வெல்டிங்குக்கு மாறுதல்

முதலில் மெஷினை அணைத்துவிட்டு ஹோல்டரைக் கழற்றுங்கள். டார்ச்சை மைனஸிலும் எர்த்தைப் பிளஸிலும் மாட்டுங்கள். இதை மாற்றி மாட்டினால் டார்ச்சில் ஆர்க்கை உண்டாக்கும் டங்ஸ்டன் கம்பியின் முனை ஆர்க் பற்றிய சில நொடிகளில் உருண்டையாக உருகிவிடும். ஆர்கான் ஓட்டம் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் இருக்கட்டும். பின்புறம் ஒரே வாயு நுழைவாய் உள்ள மெஷின்களில், முன்பு பிளாஸ்மாவுக்காகச் செலுத்திய காற்றும் ஈரமும் குழாயில் தங்கியிருக்கும். ஆர்கானைச் சிறிது நேரம் திறந்துவிட்டு அதை வெளியேற்றாமல் தொடங்கினால், முதல் அங்குலத்திலேயே வெல்டு கறுத்து நுரைத்துப் போகும்.

டங்ஸ்டனைத் தீட்டும்போது கோடுகள் நீளவாக்கில் விழ வேண்டும். குறுக்கே விழுந்தால் ஆர்க் அலையும். சிவப்பு முனை கொண்ட டங்ஸ்டனில் கதிரியக்கத் தோரியம் இருப்பதால், தொடக்கத்திலேயே லாந்தனம் கலந்ததை வாங்கிவிடுவது என் பரிந்துரை. டி.சி. மட்டும் தரும் மெஷினில் அலுமினியம் ஒட்டாது, அதற்கு ஏ.சி. வசதி வேண்டும். கடைக்காரர் "எல்லாம் ஒட்டும்" என்று சொன்னாலும் மெஷினின் விவரத் தகட்டைப் படித்துப் பாருங்கள்.

படி 4: பிளாஸ்மா கட்டிங்

கைக்கு மிக எளிதாக வருவது இதுதான். ஆனால் செலவு வைப்பதும் இதுதான். அந்தச் செலவில் பெரும்பகுதிக்குக் காரணம் ஈரக் காற்று. கம்ப்ரஸர் தொட்டியின் அடியிலுள்ள வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, மெஷினுக்கு முன்னால் நீர் பிரிக்கும் ஃபில்டரைப் பொருத்துங்கள். காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது அழுத்தம் 4 முதல் 5 பார் காட்ட வேண்டும். ஓட்டமில்லாதபோது 6 காட்டிவிட்டு, டார்ச்சைத் திறந்ததும் 3க்கு இறங்கினால் உங்கள் கம்ப்ரஸர் போதவில்லை. காற்றுச் சோதனை சுவிட்ச் உள்ள மெஷினில், ஆர்க் இல்லாமல் காற்றை மட்டும் ஒரு கண்ணாடித் துண்டின் மீது அடித்துப் பாருங்கள். மூச்சுப் பட்டதுபோல் ஆவி படிந்தால் வேலையைத் தொடங்க வேண்டாம்.

எர்த் பிளஸில் இருக்கட்டும். அதை அறுக்க வேண்டிய தகட்டிலேயே மாட்டுங்கள். அறுந்து விழப்போகும் துண்டில் மாட்டினால் கடைசி இடத்தில் ஆர்க் அணைந்துவிடும். 30 ஆம்பியரில் சுமார் 6 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை வரை நன்றாக அறுக்கலாம். தகட்டின் ஓரத்தில் டார்ச்சைச் செங்குத்தாக வைத்து டிரிக்கரை அழுத்துங்கள். தீப்பொறி அடிப்பக்கமாக வெளியேறியதைப் பார்த்த பிறகே நகருங்கள். பொறிகள் கீழே சற்றுப் பின்சாய்ந்து பாய்ந்தால் வேகம் சரி. மேல்நோக்கித் தெறித்தால் மிக வேகமாகப் போகிறீர்கள், தகடு முழுவதும் அறுபடவில்லை. அறுத்த பின் அடியில் தடித்த கசடு தொங்கி, சுத்தியலால் தட்டியதும் உதிர்ந்தால் மிக மெதுவாகப் போயிருக்கிறீர்கள். மெல்லிய கசடு விடாப்பிடியாக ஒட்டியிருந்தால் வேகம் கூடிவிட்டது. நடுவில் துளையிட்டுத் தொடங்கும்போது டார்ச்சைச் சாய்த்து ஆரம்பித்து மெல்ல நிமிர்த்துங்கள். இல்லாவிட்டால் உருகிய இரும்பு நேராக டார்ச் முனையிலுள்ள துளையிட்ட நாசிலுக்குள் திரும்பி அடிக்கும்.

டிரிக்கரை விட்ட பிறகும் காற்று சில நொடிகள் ஓடும். டார்ச்சைக் குளிர்விக்கும் அந்தக் காற்று நிற்கும் முன் மெஷினை அணைக்காதீர்கள். வேலையில்லாமல் டிரிக்கரை அழுத்திப் பார்ப்பதும் வேண்டாம், ஏனெனில் ஒவ்வொரு தொடக்கமும் டார்ச்சுக்குள் இருக்கும் எலக்ட்ரோடைக் கொஞ்சம் தின்கிறது. 30 ஆம்பியருக்குக் கண்ணில் 5ஆம் எண் கண்ணாடியாவது இருக்க வேண்டும்.

செய்யவே கூடாதவை

காலி எண்ணெய் டிரம்மையும் பெட்ரோல் டாங்கையும் அறுக்க வேண்டாம். உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பூசிய இரும்பில் ஆர்க் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உருவாகலாம். ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் புகை காய்ச்சலைத் தரும். பூச்சைத் தேய்த்து நீக்கிவிட்டு, திறந்த வெளியில் வேலை செய்யுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் மெஷின் அருகே நிற்கக் கூடாது.

படி 5: பராமரிப்பு

பிளாஸ்மா டார்ச்சைக் கழற்றும் முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். எலக்ட்ரோடின் செம்பு முனை நடுவில் ஹாஃப்னியம் என்ற உலோகத்தின் சிறு புள்ளி இருக்கும். அது எரிந்து குழிவதுதான் தேய்மானம். குழியின் ஆழம் 1.5 மில்லிமீட்டரை எட்டினால் மாற்றிவிடுங்கள், இல்லையேல் நாசிலும் டார்ச் தலையும் சேர்ந்து போகும். நாசிலின் துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகிவிட்டால் வெட்டும் ஒருபக்கம் சாயும். இரண்டையும் ஒருசேர மாற்றுவது வழக்கம்.

கேபிள் முனைகளை வாரம் ஒருமுறை கையால் திருகி இறுக்குங்கள். வேலை முடிந்ததும் ஒரு முனை மட்டும் தொட முடியாத சூட்டில் இருந்தால் அந்த இணைப்பு தளர்ந்திருக்கிறது. கிரைண்டர் தூசி மின்சாரத்தைக் கடத்தும் இரும்புத் துகள் என்பதால் மெஷினின் காற்று நுழைவாய்ப் பக்கம் கிரைண்டிங் செய்யாதீர்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி, உள்ளே மின்தேக்கிகளில் தங்கிய மின்சாரம் வடிவதற்காகப் பத்து நிமிடமாவது காத்திருந்து, பிறகு மூடியைத் திறந்து குறைந்த அழுத்தத்தில் உலர்ந்த காற்றால் ஊதுங்கள். மின்விசிறியின் இதழ்களைக் கையால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். காற்றில் அது தறிகெட்டுச் சுழன்றால் தாங்கி (பேரிங்) கெடும். சர்க்யூட் போர்டின் மீது காற்றை நெருக்கமாக அடிக்காமல், ஒரு சாண் தள்ளியே அடியுங்கள்.