தண்டர்பேர்டில் பல மெயில் கணக்குகள்: பதில் சரியான முகவரியிலிருந்து போக என்ன செய்வது?

ஒரே ஆளிடம் மூன்று மெயில் முகவரி இருப்பது இப்போது சாதாரணம். சொந்த ஜிமெயில் ஒன்று, தொழிலுக்காகச் சொந்த டொமைனில் ஒன்று, குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்பதால் கைக்கு வந்த இன்னொன்று. மூன்றையும் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் சேர்த்துவிட்டால் ஒரே ஜன்னலில் படித்துவிடலாம். பதில் எழுதும்போதுதான் வம்பு. சங்கத்துக்கு வந்த கேள்விக்குச் சொந்த ஜிமெயிலிலிருந்து பதில் போய்விட்டால், அடுத்தடுத்த கடிதங்களும் அங்கேயே வந்து சேரும். நாளைக்கு வேறொருவர் செயலாளராக வந்தால் பழைய பேச்சு எதுவும் சங்கக் கணக்கில் இருக்காது.

இதைத் தவிர்க்கும் வழியைப் பார்ப்போம். மெனு பெயர்களைத் திரையில் தெரிகிறபடியே எழுதியிருக்கிறேன். பதிப்புக்குப் பதிப்பு சற்று மாறலாம்.

படி 1: கணக்குகளைத் தனித்தனியாகச் சேருங்கள்

வலது மேல் மூலையில் உள்ள மூன்று கோடு மெனுவில் "அக்கவுண்ட் செட்டிங்ஸ்" திறங்கள். அந்தப் பக்கத்தின் இடப்புறம் அடியில் "அக்கவுண்ட் ஆக்‌ஷன்ஸ்" இருக்கும். அதில் புதிய மெயில் கணக்கு சேர்க்கும் வழி உண்டு. ஜிமெயில் என்றால் பெயரும் முகவரியும் கொடுத்தால் போதும். கூகுள் லாகின் ஜன்னல் தானாக வரும். சொந்த டொமைன் என்றால் ஹோஸ்டிங் நிறுவனம் தந்த சர்வர் பெயர்கள் தேவைப்படலாம். கடிதங்களைப் பெறும் ஐமேப் முறைக்குப் போர்ட் (சர்வரின் நுழைவு எண்) வழக்கமாக 993. அனுப்பும் எஸ்எம்டிபி போர்ட் 465 அல்லது 587.

ஐமேப்பா, கடிதங்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் முறையா என்று கேட்டால் ஐமேப்பையே தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் நீங்கள் அனுப்பிய பதில்களின் நகலும் சர்வரிலேயே இருக்கும்.

பலர் செய்கிற குறுக்குவழி ஒன்று உண்டு: எல்லா முகவரிக்கும் ஃபார்வர்டு போட்டு, எல்லாவற்றையும் ஒரே ஜிமெயிலில் கொட்டிவிடுவது. படிக்க வசதிதான். ஆனால் பதில் எழுதும்போது எந்தக் கடிதம் எந்த வாசல் வழியாக வந்தது என்று தேட வேண்டியிருக்கும். ஆரம்பத்திலேயே வேண்டாம் என்பேன்.

படி 2: ஒவ்வொரு கணக்கும் எந்த சர்வர் வழியாக அனுப்புகிறது?

பெரும்பாலோர் தாண்டிப் போய்விடும் இடம் இதுதான். அக்கவுண்ட் செட்டிங்ஸில் ஒரு கணக்கின் பெயரைச் சொடுக்கினால், வலப்பக்கம் கீழே "அவுட்கோயிங் சர்வர்" என்று ஒரு பெட்டி தெரியும். சங்கக் கணக்குக்குச் சங்க முகவரியின் சர்வர், ஜிமெயிலுக்கு ஜிமெயிலின் சர்வர் என்று சரியாக இருக்கிறதா பாருங்கள்.

மாறியிருந்தால் என்ன ஆகும்? மேலே அனுப்புநராகச் சங்க முகவரியைப் போட்டு, ஜிமெயில் சர்வர் வழியாக அனுப்பினால், அந்த முகவரியை ஜிமெயிலில் முன்கூட்டியே பதிவு செய்திராவிட்டால், ஜிமெயில் அதை உங்கள் ஜிமெயில் முகவரியாகவே மாற்றி அனுப்பிவிடும். உங்கள் திரையில் எல்லாம் சரியாகத் தெரியும். பெறுபவருக்குத்தான் வேறாகத் தெரியும். பதிவு செய்திருந்தாலும் இன்னொரு தொல்லை உண்டு. டொமைனுக்கு அனுமதி இல்லாத சர்வரிலிருந்து வரும் கடிதம் எஸ்பிஎஃப் (டொமைன் பெயரில் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அனுமதி என்ற பட்டியல்) சோதனையில் தவறி, ஸ்பேமில் விழலாம். 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயிலுக்கு அனுப்புகிற எவரும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் (கடிதத்தோடு போகும் டிஜிட்டல் முத்திரை) வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் விதித்திருக்கிறது. அதனால் இதை அலட்சியமாக விட முடியாது.

படி 3: "ஃப்ரம்" வரியைப் பாருங்கள்

ஒரு கடிதத்துக்கு "ரிப்ளை" கொடுத்தால், அது உங்களுடைய எந்த முகவரிக்கு வந்ததோ அதையே தண்டர்பேர்ட் ஃப்ரம் வரியில் போட முயலும். பொருந்தும் முகவரி கிடைக்காவிட்டால் அந்தக் கணக்கின் இயல்பு முகவரியைப் போடும். பிசிசியில் வந்த கடிதம், குழு முகவரிக்கு வந்த கடிதம் ஆகியவற்றில்தான் பொதுவாக இது தடுமாறும். வடிகட்டி வைத்து ஒரு கணக்கின் கடிதங்களை வேறொரு கணக்கின் ஃபோல்டருக்கு நகர்த்தியிருந்தாலும் ஒருமுறை கவனியுங்கள்.

தவறாக வந்திருந்தால் ஃப்ரம் வரியைச் சொடுக்கி வேறு முகவரியைத் தேர்ந்தெடுக்கலாம். பாதி எழுதிய பிறகும் மாற்றலாம். கையொப்பம் வைத்திருந்தால் அதுவும் கூடவே மாறிக்கொள்ளும்.

புதிய கடிதம் எழுதும்போது, இடப்பக்கம் எந்தக் கணக்கின் ஃபோல்டரில் நிற்கிறீர்களோ அந்த முகவரி ஃப்ரம்மில் வரும். சங்கத்துக்காக எழுதுவதென்றால் முதலில் சங்க இன்பாக்ஸைச் சொடுக்கிவிட்டு ஆரம்பியுங்கள்.

படி 4: கூடுதல் முகவரிகளுக்கு ஐடென்டிட்டி

தனிக் கணக்கு இல்லாத, ஆனால் உங்கள் இன்பாக்ஸுக்கே வந்து சேரும் முகவரிகள் இருக்கும். கடையின் விற்பனை முகவரியும் வரவு செலவுக்கான முகவரியும் ஒரே பெட்டிக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். இதற்குத் தனிக் கணக்கு தேவையில்லை; ஐடென்டிட்டி, அதாவது அதே கணக்கில் இன்னொரு அனுப்புநர் முகவரி, போதும். அந்தக் கணக்கின் அமைப்புப் பக்கத்தில் "மேனேஜ் ஐடென்டிட்டீஸ்" பொத்தானை அழுத்தி, "ஆட்" கொடுத்து, பெயர், முகவரி, கையொப்பம், அனுப்பும் சர்வர் ஆகியவற்றை நிரப்புங்கள். இனி அந்த முகவரியும் ஃப்ரம் பட்டியலில் வரும். அதற்கு வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதினால் தானாகவே தேர்வாகும்.

அதே ஜன்னலில் "ரிப்ளை ஃப்ரம் திஸ் ஐடென்டிட்டி வென் டெலிவரி ஹெடர்ஸ் மேட்ச்" என்று நீளமாக ஒரு வரி இருக்கும். குழு முகவரிக்கு வரும் கடிதங்களுக்கு இதுதான் மருந்து. பெட்டியை டிக் செய்து அந்தக் குழு முகவரியை எழுதுங்கள். பல முகவரி என்றால் நடுவில் காற்புள்ளி. நட்சத்திரக் குறிக்குப் பின் @ போட்டு டொமைன் பெயரை எழுதினால் அந்த டொமைனின் எல்லா முகவரிகளும் அடங்கும்.

"ரிப்ளை-டு அட்ரஸ்" பெட்டியைக் காலியாக விடுங்கள். அங்கே ஏதாவது இருந்தால், அந்த ஐடென்டிட்டியிலிருந்து அனுப்பும் கடிதங்களுக்கு எதிராளியின் பதில் அங்கேதான் போகும்.

அப்புறம், "காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்" பக்கத்தையும் பாருங்கள். சங்கப் பதிலின் நகல் சங்கக் கணக்கின் சென்ட் ஃபோல்டரில் சேர வேண்டும்.

படி 5: சோதித்துப் பாருங்கள்

வீட்டில் வேறு யாருடைய ஜிமெயிலிலிருந்தாவது உங்கள் ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஃப்ரம்மைத் தொடாமல் பதில் அனுப்புங்கள். அவர்களுடைய ஜிமெயிலைக் கணினி உலாவியில் திறந்து, வந்த பதிலின் மூன்று புள்ளி மெனுவில் "ஷோ ஒரிஜினல்" சொடுக்கினால் எஸ்பிஎஃப், டிகேஐஎம் எதிரே "பாஸ்" இருக்கிறதா என்று தெரியும். இல்லையென்றால் படி 2-க்குத் திரும்புங்கள்; அங்கே எல்லாம் சரி என்றால் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேளுங்கள்.

எல்லா இன்பாக்ஸையும் ஒன்றாகக் காட்டும் "யூனிஃபைட் ஃபோல்டர்ஸ்" வசதியை இந்தச் சோதனைக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். அப்படிப் போட்டால், பட்டியலை அட்டவணைத் தோற்றத்தில் வைத்து "அக்கவுண்ட்" என்ற பத்தியையும் சேர்த்துவிடுங்கள். எந்தக் கடிதம் எந்தக் கணக்கினுடையது என்று திறக்காமலே தெரியும்.

அவசரக்காரர்களுக்கு ஒன்று: கன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கடிதம் உடனே போகாமல் அவுட்பாக்ஸில் காத்திருக்கும். ஃப்ரம் வரியைச் சரிபார்த்துவிட்டு, ஃபைல் மெனுவில் "சென்ட் அன்சென்ட் மெசேஜஸ்" கொடுத்தால் போகும்.

ஃபோனிலும் தண்டர்பேர்ட் வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டுக்கு 2024 அக்டோபரில் வந்துவிட்டது. கணினியில் டூல்ஸ் மெனுவின் "எக்ஸ்போர்ட் ஃபார் மொபைல்" தரும் கியூஆர் கோடை ஃபோன் செயலியில் ஸ்கேன் செய்தால் கணக்குகள் போய்ச் சேரும். கூகுள் கணக்குக்கு ஃபோனில் மறுபடி லாகின் கேட்கும்.