பனிச்சறுக்குப் பயணம்: கொங்குப் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காஷ்மீரின் குல்மார்க், இமாச்சலின் மணாலி என்று குளிர்காலச் சுற்றுலா கிளம்பும் குடும்பங்களைக் கோவையிலும் திருப்பூரிலும் நிறையவே பார்க்கிறோம். ஆனால் அங்கே போயும் சறுக்குப்பலகையை மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அப்பாவும் பிள்ளைகளும்தான். அம்மா பைகளைக் காத்துக்கொண்டு நின்றுவிட்டு, இரவு அறையில் அரிசிம்பருப்பு சாதம் ஆக்குகிறார். முதல் தவறு இது. பத்து முறை விழுந்து எழுந்து, சாயங்காலத்துக்குள் ஒரு சின்னச் சரிவில் தானாக வேகத்தைக் குறைத்து நிற்கிறபோது வரும் தெம்பு வேடிக்கை பார்ப்பவருக்குக் கிடைக்காது. சமையலை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

நாலு நாள் சறுக்கினால் உடம்பு உறுதியாகிவிடாது. அதற்காகத் தயாராகும் இரண்டு மாதம்தான் உண்மையான லாபம். சறுக்கில் முழங்கால் ஜவ்வு கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். மருதமலைப் படி ஏறுங்கள். திரும்பும்போது பஸ்ஸைத் தேடாமல் நடந்தே இறங்குங்கள். இறங்கும்போதுதான் தொடைத்தசை உடம்பைப் பிடித்து நிறுத்தப் பழகும். கூடவே இரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை. உயரம் கூடக்கூட மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறையும், இரத்தசோகை இருந்தால் அது இன்னும் சிரமம். கோவை சுமார் 411 மீட்டர் உயரம். குல்மார்க் 2,650 மீட்டர். அங்குள்ள ரோப்காரின் இரண்டாம் கட்டம் ஏறக்குறைய 4,000 மீட்டருக்குக் கொண்டுபோய்விடும். போன அன்றைக்கே அதில் ஏறாதீர்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது தண்ணீர் விஷயம். கழிப்பறை இருக்குமோ இருக்காதோ என்று தாகத்தை அடக்குவது நம் பெண்களுக்கு பஸ் பயணத்திலேயே பழகிப்போனது. மலைக்காற்று வறண்டது, குளிரில் தாகமும் தெரியாது. தலைவலி வந்தால் உயரத்தாலா, தண்ணீர்க் குறைவாலா என்றே புரியாது. சிறுநீர்த் தொற்றும் சேர்ந்துகொள்ளும். போனதும் கழிப்பறை எங்கே என்று கேட்டுவிடுங்கள். வாடகை உடையில் தோளில் வார் மாட்டும் கால்சட்டையை எடுத்தால், மேல்கோட்டைக் கழற்றாமல் அவிழ்க்க முடியாது. இடுப்போடு நிற்கும் கால்சட்டையைக் கேளுங்கள். பிளாஸ்கில் வெந்நீர் இருக்கட்டும்.

திருப்பூர்ப் பருத்தி பனியன் நம் வெயிலுக்கு அருமையானது, பனிக்கு ஆகாது. வியர்வையைக் குடித்து ஈரமாகவே நின்று உடம்பைச் சில்லிட வைக்கும். உடம்போடு ஒட்டும் தெர்மல் உள்ளாடையை உள்ளே போடுங்கள். புதுப்பனி புற ஊதாக் கதிரை வெகுவாகத் திருப்பி அடிக்கும் என்பதால் சன்ஸ்கிரீனும் கண்ணாடியும் கட்டாயம்.

கணவரிடமோ மைத்துனரிடமோ சறுக்கப் பழகாதீர்கள். குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பயிற்சி நிறுவனமே இருக்கிறது. முதலில் சரியாக விழக் கற்றுத்தரும் ஆசிரியரிடம் பணம் கொடுத்துப் பழகுங்கள்.