வீட்டைக் கேட்டு வரும் முதலீட்டாளர் போடும் வாடகைக் கணக்கு: விற்பவர் செய்யும் தவறுகள்

"பதினெட்டாயிரம் வாடகை வர்ற வீட்டுக்கு எழுபத்திரண்டு லட்சமாங்க? எனக்கு நாலு பர்சென்ட் கூட நிக்காதே."

சேலத்தில் அம்மாப்பேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பூர்வீக வீட்டை விலை சொன்னவர்களுக்கு இந்தப் பேச்சு பழக்கம்தான். கேட்டதும் பல வீடுகளில் அண்ணன் தம்பிக்குள் முகம் வாடிவிடும். "அவர் சொல்றதும் சரிதானே" என்று ஒருவர் இறங்குவார். அங்கேயே பத்து லட்சம் போயிற்று. அவர் சொன்னது பொய்யில்லை, ஆனால் அது வீட்டின் விலையைச் சொல்லும் கணக்கும் இல்லை.

ரென்டல் யீல்டு என்பது, போட்ட பணத்துக்கு வருஷத்தில் எத்தனை சதவீதம் வாடகையாகத் திரும்புகிறது என்பது. ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். அம்மாப்பேட்டையில் 1,500 சதுர அடி மனை. முன்பக்கம் சீமை ஓட்டு வீடு, பின்னால் பழைய தறிக்கொட்டகையைப் பிரித்துக் கட்டிய இரண்டு போர்ஷன். மொத்த வாடகை மாதம் 18,000 ரூபாய், வருஷத்துக்கு 2,16,000. விலை 72 லட்சம் என்றால் யீல்டு 3 சதவீதம். நம்மவர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். வந்தவர் நிறுத்துவதில்லை. ஒரு போர்ஷன் காலியாகி அடுத்த ஆள் வரும்வரை போகும் வாடகை, சொத்து வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேர் என்று 44,000 கழிப்பார். மிச்சம் 1,72,000. விலையோடு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேர்த்தால் அவர் போடும் பணம் 78.48 லட்சம். யீல்டு 2.2 சதவீதத்துக்கு வந்துவிடும்.

இதுவரை நியாயம். இதற்குப் பிறகுதான் கணக்கைத் திருப்பிப் போடுவார்: "எனக்கு நாலு பர்சென்ட் வேணும். அப்போ உங்க வீடு நாற்பத்து மூணு லட்சம்தான்." 1,72,000-ஐ நாலு சதவீதத்தால் வகுத்தால் 43 லட்சம் வருவது உண்மை. ஆனால் இதே கணக்கில், வாடகைக்கு விடாமல் பூட்டி வைத்திருக்கும் வீட்டின் விலை பூஜ்யம். அதை அவர் இலவசமாக வாங்கிக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள். இந்தியாவில் குடியிருப்பு வீடுகளின் யீல்டு பொதுவாகவே 2 முதல் 4 சதவீதத்துக்குள்தான் இருக்கிறது. பழைய வீட்டின் விலையில் பெரும்பங்கு மண்ணுக்கு. ஓட்டுக்கும் சுவருக்கும் வரும் வாடகையை வைத்து மண்ணை மதிப்பிட முடியாது.

அவர் வீட்டுக்குப் போய்ப் போடும் கணக்கு வேறு. வீட்டை இடித்துவிட்டு 2,000 சதுர அடியில் நாலு போர்ஷன் கட்டுவார். சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று வைத்தால் கட்டட செலவு 44 லட்சம். ஆக முதலீடு 122 லட்சம் சொச்சம். போர்ஷனுக்குப் பத்தாயிரம் என்றால் வருஷம் 4.8 லட்சம். செலவு கழிக்காமல் பார்த்தால் கிட்டத்தட்ட அவர் கேட்ட நாலு சதவீதம் வந்துவிட்டது, உங்களுக்கு 72 லட்சம் கொடுத்த பிறகும்! தெரு அகலம், செட்பேக் (மனையைச் சுற்றிக் கட்டாமல் விட வேண்டிய இடம்), பார்க்கிங் எல்லாம் போக உங்கள் மனையில் எவ்வளவு கட்டலாம் என்று ஒரு இன்ஜினியரிடம் முன்கூட்டியே கேட்டுவைத்தால், இந்தக் கணக்கை நீங்களே எதிரில் வைத்துப் பேசலாம். செவ்வாய்ப்பேட்டையில் வீதியைப் பார்த்த முன்னறை குடோனுக்குப் போகுமா, பேர்லேண்ட்ஸ் வீட்டின் கீழ்த்தளம் கிளினிக்குக்குப் போகுமா என்பதும் அதில் சேரும். வணிக வாடகை வந்தால் சதவீதம் ஏறும்.

பதினைந்து வருஷமாகக் குடியிருப்பவரிடம் முகதாட்சண்யத்துக்காக வாடகை ஏற்றாமல் விட்டிருப்போம். அந்தப் பழைய வாடகையைக் கணக்கில் தராதீர்கள். அதே தெருவில் இப்போது புதிதாக வருபவர் என்ன கொடுக்கிறார் என்று பாருங்கள். ஒத்திக்கு விட்ட போர்ஷன் இருந்தால் அந்தத் தொகையை யார் திருப்பித் தருவது என்பதை விலை பேசும்போதே தீர்த்துவிட வேண்டும்.

ஏற்காட்டு வீடு என்றால் தவறு தலைகீழாக நடக்கும். அங்கே ஏமாறுவது விற்பவரின் ஆசை. மே மாதக் கோடை விழா சமயத்தில் ஒரு இரவுக்குக் கிடைத்த ஹோம்ஸ்டே வாடகையை 365-ஆல் பெருக்கி விலை சொல்கிறார்கள். மழை நாளில், செவ்வாய் புதனில் பூட்டிக் கிடப்பதை வாங்குபவர் அறிவார். தவிரவும் ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்புக் கட்டுப்பாட்டுக்குள் வருவதால், அம்மாப்பேட்டையில் போட்ட "இடித்துக் கட்டும்" கணக்கு அங்கே அப்படியே செல்லாது.

இனி, யீல்டு பேச்சைவிட அதிகமாக விலையைக் குறைக்கும் விஷயம்: வாரிசு. அப்பா சம்பாதித்து வாங்கிய வீடு, உயில் எழுதாமல் காலமானார் என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, மகன்கள், மகள்களோடு அப்பாவைப் பெற்ற பாட்டிக்கும் சம பங்கு உண்டு. அப்பா இறந்தபோது பாட்டி உயிரோடு இருந்தாரா? இருந்து, அவரும் உயில் இல்லாமல் பிறகு காலமாகியிருந்தால், அந்தப் பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். அதாவது அத்தையும் சித்தப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும். பாட்டன் வழிச் சொத்தில் மகள்களுக்குப் பங்கில்லை என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் 2005 சட்டத் திருத்தத்தையும் 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். தமிழ்நாட்டில் 1989-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. இந்த ஓட்டைகளை அனுபவமுள்ள முதலீட்டாளர் முதல் நாளே பார்த்துவிடுவார், சொல்ல மாட்டார். அட்வான்ஸ் கொடுத்து, நீங்கள் அந்தப் பணத்தைச் செலவழித்த பிறகு, "லீகல்ல அத்தை கையெழுத்து கேக்குறாங்க, அஞ்சு லட்சம் குறைச்சுக்கலாம்" என்பார். ஆகவே வாரிசுச் சான்றிதழ், மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் வீட்டை விலை சொல்வதற்கு முன்பே நம் செலவில் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுவது மலிவு.

கிரய ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். ஒன்று, "தான் குறிப்பிடும் நபர் பெயரில் கிரயம் செய்து கொடுக்க" என்பது. இரண்டு லட்சம் அட்வான்சில் உங்கள் வீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஆறு மாதத்தில் வேறொருவருக்கு ஏற்றி விற்று இடையில் லாபம் பார்க்கும் வழி அது. தெரிந்தே ஒப்புக்கொள்வதானால் அட்வான்சைக் கூட்டி, கெடுவைக் குறையுங்கள். இன்னொன்று கெடு முடிந்தால் என்ன ஆகும் என்பது. பதிவு செய்த ஒப்பந்தம் வில்லங்கத்தில் ஏறிவிடும். அவர் வராவிட்டால் ரத்துப் பத்திரத்துக்கும் அவர் கையெழுத்து வேண்டும். கூடவே, உங்கள் சார்பில் அவரே கையெழுத்துப் போடும் பொது அதிகாரப் பத்திரமும் (பவர்) கேட்டால் கொடுக்க வேண்டாம், அவ்வளவுதான்.

அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டு மீதியை ரொக்கமாகத் தருகிறேன் என்பார்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. மாட்டுபவர் ரொக்கத்தை வாங்கிய நாம்தான்.

வீடு விற்ற லாபத்துக்குக் கட்டும் வரிக் கணக்கில் ஒரு நுணுக்கம். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய வீட்டுக்கு அந்த நாளின் சந்தை மதிப்பையே வாங்கிய விலையாக எடுக்கலாம், அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்து என்பதால், உள்நாட்டில் வசிப்பவர் இண்டெக்சேஷன் (வாங்கிய விலையை விலைவாசிக்கேற்ப ஏற்றிக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5 சதவீதம், இண்டெக்சேஷனோடு 20 சதவீதம் இரண்டில் குறைவானதைக் கட்டலாம். நம் 72 லட்ச வீட்டின் 2001 மதிப்பு 6 லட்சம் என்றால், அப்படி ஏற்றுவதற்கான 2025-26 குறியீடு 376-ஐ (2001-க்கு 100) வைத்துப் போட்டால் 20 சதவீத வழியில் வரி 9.89 லட்சம், 12.5 சதவீத வழியில் 8.25 லட்சம். அதே மதிப்பு 10 லட்சம் என்றால் தலைகீழ்: முறையே 6.88, 7.75 லட்சம். ஆக அந்த 2001 மதிப்பு எவ்வளவு என்பதே வரியை நிர்ணயிக்கிறது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரை வைத்து அதை எழுதி வாங்க வேண்டும். சாவியைக் கொடுத்த மறுவாரமே புல்டோசர் வரலாம், அளந்து பார்க்க அதன் பிறகு சுவர் இருக்காது. கிரயத்துக்கு முன்பே அவரை வீட்டுக்குள் அழைத்துப் போய்விடுங்கள்.