வாசலும் கொல்லையும் மொட்டை மாடியும்: சிறு குழந்தை உள்ள வீட்டில் சரிபார்க்க வேண்டியவை

“அந்தப் பக்கம் போகாதே” என்று நாளுக்குப் பத்து முறை சொன்னாலும், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை பதினோராவது முறை அங்கேதான் நிற்கும். அது அந்த வயதின் இயல்பு. ஆகவே குழந்தை மறந்தாலும், பெரியவர்கள் சற்று அயர்ந்தாலும், விபரீதம் நேராதபடி வீட்டின் வெளிப்புறத்தை அமைத்துவிடுவதே முறை. பெரும்பாலான வேலைகளுக்கு ஒரு பூட்டும், பக்கத்துத் தெரு வெல்டிங் பட்டறையும் போதும்.

முதலில் தண்ணீரைக் கவனியுங்கள். நகரத்து வீடுகளில் வாசல் அருகே தரைக்கடியில் இருக்கும் சம்ப் தொட்டியின் மூடியைத் தூக்கித் திருப்பி, அதன் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். மேலே பெயிண்ட் பளபளப்பாக இருந்தாலும், தொட்டியின் ஈரம் எந்நேரமும் படும் அடிப்பக்கம் துருவேறி அரித்துப் போயிருக்கலாம். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் பொத்துக்கொள்ளும் தகட்டை அன்றே மாற்றிவிடுங்கள். மூடிக்குக் கீழே இரும்புக் கம்பி வலை ஒன்றையும் பொருத்தி, மூடிக்குப் பூட்டுப் போட்டு, சாவியைக் குழந்தைக்கு எட்டாத ஆணியில் மாட்டுவது நல்லது. தண்ணீர் லாரி வரும் நேரம்தான் மிகவும் ஆபத்தானது: குழாயை உள்ளே விட்டுவிட்டு, பணம் எடுக்க வீட்டுக்குள் போகிற அந்த இரண்டு நிமிடமும் மூடி திறந்தே கிடக்கும். லாரி கிளம்பி, மூடியைப் பூட்டும் வரை ஒருவர் அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. கழிவுநீர்த் தொட்டிக்கும் இதே கண்டிப்பு வேண்டும். அதில் யாரேனும் விழுந்துவிட்டால் பதறிப்போய் மற்றவர்கள் உள்ளே இறங்கக்கூடாது, அங்கு தேங்கியிருக்கும் நச்சு வாயு இறங்குபவரையும் கொன்றுவிடும்.

கிணறு இருந்தால் கைப்பிடிச் சுவரை மட்டும் நம்ப வேண்டாம். துவைக்கிற கல், கவிழ்த்து வைத்த வாளி, பூந்தொட்டி என அருகில் இருக்கும் எதுவும் குழந்தைக்குப் படிக்கட்டாகிவிடும். வாய் முழுவதையும் இரும்பு வலையால் மூடி, நீர் இறைக்கச் சிறு கதவு வைத்துப் பூட்டலாம். நடை பழகும் குழந்தைக்கு உடலில் தலைப்பாரம் அதிகம் என்பதால், அரை வாளித் தண்ணீரில் தலைகுப்புற விழுந்தாலும் தானாக எழ முடியாது. வேலை முடிந்ததும் வாளியையும் டிரம்மையும் கவிழ்த்து வைக்கும் பழக்கம் வேண்டும். மழைக்காலத்தில், பக்கத்து மனையில் அஸ்திவாரத்துக்குத் தோண்டிய குழியும் குளமாகிவிடும். மனைக்காரரிடம் வேலி போடச் சொல்வதில் தயக்கம் தேவையில்லை.

ஆழ்துளைக் கிணறு குறித்து உச்ச நீதிமன்றம் 2010-இல் தெளிவாகவே வழிகாட்டியிருக்கிறது: தோண்டும் இடத்தைச் சுற்றி வேலி, குழாயைச் சுற்றித் தரைக்கு மேலும் கீழும் 30 செ.மீ. அளவில் சிமென்ட் மேடை, வாய்க்கு வெல்டிங் செய்த இரும்பு மூடி. கைவிட்ட குழியைக் களிமண், மணல், கல் போட்டு அடியிலிருந்து தரை மட்டம் வரை நிரப்பிவிட வேண்டும். இத்தனைக்குப் பிறகும் 2019 அக்டோபரில் மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று, வீட்டருகே இருந்த பயன்படாத குழியில் விழுந்து மாண்டது. மோட்டாரைப் பழுதுபார்க்க வெளியே எடுத்து, வாய்மீது சாக்கைப் போட்டு வைப்பது எந்த மூடியும் இல்லாததைவிட மோசம். சாக்கு, குழியை மறைக்குமே தவிரத் தாங்காது.

தண்ணீரில் மூழ்குகிற குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை. எனவே விசேஷ வீட்டில் பத்துப் பேர் இருக்கும்போது “எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம்” என்பதைவிட, “சித்தி, நான் உள்ளே போகிறேன், இவனை நீங்கள் பாருங்கள்” என்று பொறுப்பை வாய்விட்டு ஒப்படைப்பது மேல். தூக்கி எடுத்த குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் ஊர்ப்பக்கம் இன்றும் நடக்கிறது. அதில் பொன்னான நேரம்தான் வீணாகும். மூச்சு இல்லையெனில் உடனே வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை 30 முறை அழுத்தி, 2 முறை ஊதுவதைத் தொடர வேண்டும். 108-ஐ இன்னொருவர் அழைக்கட்டும்.

வாசலில் உருட்டித் தள்ளும் கேட் இருந்தால், தண்டவாளத்தின் இரு முனைகளிலும் ஸ்டாப்பர் உறுதியாக உள்ளதா என்று பாருங்கள். அது இல்லாத கேட் மேல் பிடியிலிருந்து கழன்று, தொற்றிக்கொண்டு விளையாடும் குழந்தையின் மேலேயே சாயும். காரைப் பின்னோக்கி எடுக்கும் முன் குழந்தை யார் கையில் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். கண்ணாடியில் தெரியாத உயரம் அது. மொட்டை மாடிச் சுவரோரம் நாற்காலி, பூந்தொட்டி எதுவும் கூடாது. கம்பித் தடுப்பாக இருந்தால் இடைவெளி 10 செ.மீ.-ஐத் தாண்டக்கூடாது. கொல்லை மோட்டாரின் மின் இணைப்பில், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி கருவி இருப்பது அவசியம்.

வேலியோரச் செடிகளில் காட்டாமணக்கும் மஞ்சள் அரளியும் கவனத்துக்கு உரியவை. காட்டாமணக்கு விதை கடலைபோல் ருசிக்கும் என்பதால் பிள்ளைகள் கூட்டமாகத் தின்று வாந்தி பேதியோடு மருத்துவமனைக்கு வருகிறார்கள். அரளி விதை இதயத்தையே தாக்கும். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காமல், மிச்சமுள்ள காயையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

விறகும் செங்கல்லும் அடுக்கிய இடம் பாம்புக்குப் புகலிடம். சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைய வேண்டும். நாய் நகத்தால் கீறியிருந்தாலும்கூட ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசியைத் தொடங்கி, சொன்ன தேதிகளில் எல்லாத் தவணைகளையும் போட்டு முடிக்க வேண்டும். திட்டு விழும் என்று பயந்து பிள்ளைகள் கீறலை மறைப்பதுண்டு; நாய் துரத்தியது, பிராண்டியது என்று எப்போது வந்து சொன்னாலும் அடிக்க மாட்டோம் என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.