தீராத அரிப்புக்குக் கொரிய மருத்துவம்: இந்தத் தவறுகளைச் செய்துவிடாதீர்கள்

கொரியாவின் குளிர்காலம் நம் தோலுக்குப் பழக்கமே இல்லாதது. வெளியே பூஜ்யத்துக்கும் கீழே இறங்கிய காய்ந்த காற்று. உள்ளே வந்தால், ஒந்தோல் என்கிற தரைச்சூடு இரவு முழுக்க அறையை உலர்த்திக்கொண்டே இருக்கும். தேஜோன் நகரில் எனக்கு இரண்டாவது டிசம்பர் அது. கெண்டைக்கால் இரண்டிலும் அரிப்பு தொடங்கி, சொறிந்து சொறிந்து தோல் கறுத்துத் தடித்துப்போனது. அங்கே இப்படி அவதிப்படுகிறவர்கள் பலர் தோல் மருத்துவரிடம் ஒரு நடை, 'ஹனிவொன்' எனப்படும் கொரிய மருத்துவ நிலையத்துக்கு ஒரு நடை என்று இரண்டுக்கும் போவார்கள். நானும் போனேன். அங்கே நிம்மதி கிடைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன், உள்ளதையும் கெடுத்துக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஹனிவொன் நடத்துபவர் நாட்டு வைத்தியர் அல்ல. ஆறு ஆண்டுகள் பல்கலைக்கழகத்தில் படித்து, தேசியத் தேர்வு எழுதி, உரிமம் வாங்கியவர். மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், தூக்கம், மலம், குளிர் தாங்குமா சூடு தாங்குமா என்றெல்லாம் கேட்பார். அப்புறம் அரிப்பை 'காற்று', 'சூடு', 'ஈரம்', 'இரத்த வறட்சி' என்று வகைப்படுத்துவார். வாதம், பித்தம், கபம் கேட்டு வளர்ந்த நமக்கு இது சட்டென்று பிடித்துவிடும். நம்பிக்கையும் வந்துவிடும். முதல் தவறு அங்கேதான் நடக்கிறது: அரிப்புக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்காமலேயே கஷாயம் குடிக்கத் தொடங்கிவிடுகிறோம்.

ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட அரிப்பு என்பார்கள். கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு, சில சமயம் நிணநீர்ப் புற்றுநோய்கூட அரிப்பாகத்தான் முதலில் தலைகாட்டும். இவற்றுக்கு இரத்தப் பரிசோதனை வேண்டும். நாடியை மட்டும் நம்பி இருக்க முடியாது. இரவில் மட்டும் அரிப்பு கூடி, விரலிடுக்கில் பொரிந்து, அறையில் இருக்கும் மற்றவருக்கும் அரித்தால் அது சிரங்குப் பூச்சியாக இருக்கலாம். அதற்கு எத்தனை பெட்டி கஷாயம் குடித்தாலும் பூச்சி போகாது.

இனி, நான் பார்த்ததிலேயே மோசமான தவறு. எங்கள் ஆய்வகத்தில் ஒரு தமிழ்த் தம்பி இருந்தான். சிறு வயதிலிருந்தே அட்டோப்பி, அதாவது ஒவ்வாமை வகையைச் சேர்ந்த நாள்பட்ட தோல் அழற்சி. முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் எப்போதும் சிவந்திருக்கும். யாரோ சொன்னார்கள் என்று ஒரு ஹனிவொனுக்குப் போய், ஸ்டீராய்டு களிம்பை ஒரே நாளில் நிறுத்திவிட்டுக் கஷாயம் தொடங்கினான். பத்து நாளில் கழுத்து முழுக்க நீர் வடிந்தது. பனியன் கழுத்தோடு ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது மஞ்சள் பொருக்கும் கூடவே வந்தது. "அக்கா, இது ம்யோங்ஹ்யோனாம். உள்ளே இருக்கிற விஷம் வெளியே வருதாம். பொறுத்துக்கச் சொன்னாங்க" என்றான். சொல்லும்போது அவனுக்கு லேசாகக் காய்ச்சல் இருந்தது.

ம்யோங்ஹ்யோன் என்றால், குணமாவதற்கு முன் நோய் ஒருமுறை பொங்கி எழும் என்கிற பழைய கருத்து. கிழக்காசியா முழுக்க இந்தப் பேச்சு உண்டு. அவனுக்கு நடந்தது அதுவல்ல. களிம்பைத் திடீரென நிறுத்தியதால் அடக்கி வைத்திருந்த வீக்கம் திரும்பி வந்தது, உடைந்த தோலில் கிருமி புகுந்தது. மஞ்சள் பொருக்கு, சீழ் வாடை, காய்ச்சல், குத்துகிற வலியோடு கொத்துக்கொத்தாகக் கொப்புளம் என்று எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கொப்புளம் வருவது ஹெர்ப்பீஸ் வைரஸ் பரவுவதாக இருந்தால் ஒரு நாள் தாமதம்கூட ஆபத்து. களிம்பைக் குறைக்க ஆசை இருந்தால் குறைக்கலாம், தோல் மருத்துவர் சொல்கிற படிகளில். கஷாயம் தொடங்குவதற்காக அதை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. பொறுப்பான கொரிய மருத்துவர்கள் அப்படிச் சொல்வதும் இல்லை. 2017-ல் மருந்தே கொடுக்காமல் பிள்ளை வளர்க்கச் சொன்ன ஓர் இணையக் குழு கொரியாவையே உலுக்கியது. அதை நடத்தியவர் ஒரு கொரிய மருத்துவர். அவரை முதலில் கண்டித்தவர்களில் கொரிய மருத்துவர் சங்கமும் இருந்தது.

அடுத்தது மறைப்பது. தோல் மருத்துவரிடம் கஷாயத்தைச் சொல்லமாட்டோம், திட்டுவாரோ என்ற பயம். ஹனிவொனில் மாத்திரையைச் சொல்லமாட்டோம், கோபித்துக்கொள்வாரோ என்ற பயம். கஷாயம் பெரும்பாலும் பழுப்பு நிறத் திரவமாக, சிறு பிளாஸ்டிக் பைகளில் அடைத்து அட்டைப் பெட்டியில் வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று பையைப் பார்த்துத் தெரியாது. ஆனால் பல கஷாயங்களில் கம்ச்சோ இருக்கும். நம் அதிமதுரத்தின் இனம்தான். அதிக அளவில் தொடர்ந்து உள்ளே போனால் இரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். இரத்த அழுத்தத்துக்கு நீர்மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இரட்டை அடி. மூலிகைகள் சில கல்லீரலையும் தாக்கக்கூடும். ஆகவே என்னென்ன மூலிகை என்று எழுதி வாங்குங்கள், தொடங்கும் முன்பும் சில வாரம் கழித்தும் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்தாலோ அந்த நிமிடமே நிறுத்துங்கள்.

சியோலில் கியோங்தோங் சந்தைப் பக்கம் போனால் மூலிகை மூட்டைகள் மலைபோல் குவிந்திருக்கும். தெரிந்தவர் சொன்னதை அங்கே வாங்கிக் காய்ச்சிக் குடிக்கிறவர்கள் நிறைய. தோழியின் பெட்டியிலிருந்து பத்துப் பை கடன் வாங்குகிறவர்களும் உண்டு. கொரிய மருத்துவத்தின் கணக்குப்படியே பார்த்தாலும் இது தவறு. ஆளின் உடல்வாகைப் பார்த்து மருந்து எழுதுவதுதான் அந்த முறையின் அடிப்படை.

தேனீ நஞ்சை ஊசியாகப் போடும் முறையும் அங்கே உண்டு. ஒவ்வாமை உடம்புக்காரர்கள் இதை நூறு முறை யோசிக்க வேண்டும். 2018-ல் புச்சோன் நகரில் முதுகுவலிக்காக இந்த ஊசி போட்டுக்கொண்ட ஒரு பெண், கடும் ஒவ்வாமையில் உயிரிழந்தார். வெறும் அக்குபங்சர் ஊசி வேறு விஷயம். எனக்கு முழங்கை மடிப்பின் வெளிக்கோடியில், 'கோக்ஜி' என்கிற இடத்தில் குத்தினார்கள். அரிப்பு அன்றிரவு குறைந்தது. சிறிய ஆய்வுகளிலும் இப்படிப் பலன் தெரிந்திருக்கிறது. ஆனால் மூலிகை விஷயத்தில் அவ்வளவு தெளிவில்லை: அட்டோப்பிக்கான சீன மூலிகைகள் பற்றி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2013-ல் வெளியிட்ட மதிப்பாய்வு, 28 ஆய்வுகளை அலசிவிட்டு, பலன் உண்டென்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதவில்லை என்றது. 'வேரோடு அறுப்போம்' என்கிற விளம்பரத்தைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சை ஒரு பக்கம் நடக்க, பொதுக் குளியலறையில் அதைக் கெடுத்துக்கொள்வதும் உண்டு. 'இத்தாலி டவல்' என்று பச்சை நிறத்தில் சொரசொரப்பான ஒரு துணி. வெந்நீரில் ஊறியபின் அதால் தேய்த்தால் அழுக்கு சுருள் சுருளாக வரும். அந்த நேரத்துக்கு அரிப்புக்குச் சொர்க்கம்தான். ஆனால் தேய்ந்து போவது தோலின் காப்பு. வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளித்து, ஈரம் காயும் முன் மாய்ஸ்சரைசர் பூசுவதற்கு எந்த மருத்துவ முறையும் மாற்று ஆகாது. 'ஓத்தாக்' என்கிற அரக்குமரக் கோழிச்சாறையும் தவிருங்கள். உடம்புக்கு வலு என்று கொடுப்பார்கள். அந்த மரம் நம் சேங்கொட்டையின் குடும்பம். சாப்பிட்டு உடம்பெங்கும் தடித்துப் போனவர்கள் உண்டு.

கடைசியாகப் பணம். அக்குபங்சர் ஊசிக்குத் தேசியக் காப்பீடு உண்டு. கஷாயத்துக்குச் சில நோய்களுக்கு மட்டும்தான், அட்டோப்பி அந்தப் பட்டியலில் நான் பார்த்தவரை இல்லை. ஆறு மாதப் பேக்கேஜுக்கு முன்பணம் கட்டிவிட்டால், மோசமானாலும் விட மனம் வராது. அந்தத் தம்பியும் கட்டியிருந்தான். அவனை நான்தான் டாக்சியில் ஏற்றி அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போனேன். ஒரு வாரம் ஆன்டிபயாடிக், பழையபடி களிம்பு. வசந்தம் வந்தபோது வேறொரு ஹனிவொனுக்கு வாரம் ஒருமுறை அக்குபங்சர் ஊசிக்குப் போகத் தொடங்கினான். களிம்பின் பெயரை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தான்.