கடலோரத்தில் குடும்ப நலப் பணி: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார் வளைகுடாக் கரைக்குக் கடல் பாதுகாப்பு வேலையாக வரும் இளைஞர்கள் இப்போது குடும்ப நலத்தையும் சேர்த்தே பேசுகிறார்கள். அது நல்லதுதான். பாசி எடுக்கும் பெண்கள்தான் இரண்டு கூட்டத்துக்கும் வர வேண்டியவர்கள். துறைக்கு ஒரு தேதி வைத்து அவர்களுடைய கூலி நாளைக் கெடுக்காமல், ஒரே உட்காரலில் இரண்டையும் பேசிவிடலாம். பிலிப்பைன்ஸின் பலவான் தீவில் இரண்டையும் இணைத்துச் செய்த ஊர்களையும் தனித்தனியே செய்த ஊர்களையும் ஒப்பிட்டு 2010-ல் ஆய்வு வந்தது. இணைத்துச் செய்த ஊர்களே முன்னால் நின்றன.

ஆனால் எங்கள் காலத்துச் சறுக்கல்கள் அப்படியே திரும்ப நடக்கின்றன. சொல்லாமல் வருவது, உச்சி வெயிலில் கூட்டம் போடுவது போன்றவற்றை ஊரே ஒரு வாரத்தில் திருத்திவிடும். ஊரால் திருத்த முடியாதவற்றைப் பற்றி எழுதுகிறேன்.

பிள்ளை குறைந்தால் மீன் பெருகும் என்று சொல்வது

பாம்பன் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்த கூட்டத்தில், புதிதாக வந்த தம்பி ஒருவர் சார்ட் ஒன்றை விரித்துக் காட்டினார். ஒரு பக்கம் ஐந்து பிள்ளைகள், வெறும் வலை. மறுபக்கம் இரண்டு பிள்ளைகள், வலை நிறைய மீன். முன்னால் உட்கார்ந்திருந்த அக்கா கேட்டார்: "எனக்கு ரெண்டுதான் தம்பி. ரெண்டாவது பொறந்தப்பவே ஆபரேசன் பண்ணியாச்சு. எங்க தெருவுல எல்லாருக்கும் அப்படித்தான். பெறவு மீனு எங்க போச்சு?"

தம்பியிடம் பதில் இல்லை. அந்தச் சார்ட்டால் நஷ்டப்பட்டவர் அவர் அல்ல, ஊர் நர்ஸம்மா. அடுத்த முறை அவர் வந்தபோது அந்தத் தெருப் பெண்கள் எட்டிப் பார்க்கவில்லை. கர்ப்பிணிக்கு இரும்புச் சத்து மாத்திரை, பச்சிளங்குழந்தைக்குத் தடுப்பூசி என்று வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்த நம்பிக்கை ஒரே மாலையில் போனது. இதைப் பலமுறை சொல்லியாயிற்று. இன்னமும் புது அணி வந்தால் பையிலிருந்து அதே படம்தான் வெளியே வருகிறது. எனக்கு ஆறவே இல்லை.

முதலில், அது பொய். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். மணமான பெண்களில் சுமார் 58 சதவீதம் பேர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். இந்தக் கடலில் மீன் குறைந்ததற்குக் காரணம் தொட்டில்கள் அல்ல. கரையிலிருந்து மூன்று கடல் மைல் நாட்டுப்படகுக்கு என்று 1983-ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியும், அதற்குள் வந்து அடிமட்டத்தை வாரிப் போகிற இழுவைமடி ஒரு காரணம். பல பத்தாண்டுகள் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்தது இன்னொன்று. 1998, 2010, 2016 கோடைகளில் நீர் சூடேறிப் பவளம் வெளுத்தது வேறு. இதையெல்லாம் விட்டுவிட்டு, கையால் பாசி பறிக்கிற பெண்ணின் வயிற்றைக் காட்டுவது அநியாயம்.

இரண்டாவது, பழைய காயம். நெருக்கடி நிலையில் 1976-77-ல் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவை சிகிச்சைகள் நடந்தன. அதில் கட்டாயம் எவ்வளவு இருந்தது என்பது ஊரறிந்த கதை. வெளியூர்க்காரர் ஒருவர் வந்து 'உங்கள் பிள்ளைகள் அதிகம்' என்று தொடங்கினாலே, 'அடுத்து எங்கள் கடலையும் எடுப்பார்கள்' என்றுதான் காதில் விழும். 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆனபின் தீவோரத்தில் பாசி எடுக்கப் போன பெண்கள் வனத்துறையிடம் பட்ட பாடு அவர்களுக்கு மறக்கவில்லை. சந்தேகம் வருவது இயல்பு.

மூன்றாவது, அவர்களே கடலைக் காப்பவர்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்ட பெண்கள் இவர்கள். இவர்கள் உரிமைக்காகப் பேசிய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்தது. அவர்களிடம் பாதுகாப்புப் பாடம் எடுக்கும் முன் இதையாவது தெரிந்துகொண்டு போங்கள்.

பின் எதைப் பேசுவது? அவர்கள் உடம்பைப் பற்றிப் பேசுங்கள். இங்கே தேவை பெரும்பாலும் 'நிறுத்துவது' அல்ல. கல்யாணமான சின்னப் பெண்ணுக்கு முதல் குழந்தையைத் தள்ளிப்போட வழி வேண்டும், இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே இடைவெளி வேண்டும். ஏற்கெனவே ஆபரேசன் செய்தவருக்கு வெள்ளைப்படுதல், இடுப்பு வலி, ரத்தசோகை பற்றிக் கேட்க ஒரு ஆள் வேண்டும். காப்பர்-டி போட்டால் முதல் சில மாதங்கள் உதிரப்போக்கு கூடலாம். அந்தரா என்ற கருத்தடை ஊசியில் மாதவிலக்கு ஒழுங்கு தவறும். கால் விரலில் துணி சுற்றி, மணிக்கணக்கில் கடலுக்குள் மூழ்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிறவருக்கு இது சின்ன விஷயமா? கடல் வேலை தெரிந்தவர் இதை முன்கூட்டியே சொல்வார். ஆஸ்பத்திரியில் யாருக்கும் தோன்றாது. இரண்டையும் இணைப்பதன் பயன் இங்கேதான் இருக்கிறது.

மடகாஸ்கரை அப்படியே இறக்குவது

எல்லோரும் காட்டும் உதாரணம் மடகாஸ்கரின் தென்மேற்கே, ஊர்மக்களே நடத்தும் கடல் காப்புப் பகுதியான வெலோண்ட்ரியாகே. அங்குள்ள வேசோ இன மீனவர்கள் 2004-ல் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) பிடிக்கும் ஒரு திட்டைச் சில மாதம் மூடி வைத்தார்கள். அது வேகமாக வளரும் இனம் என்பதால் பலன் கண்ணுக்கு உடனே தெரிந்தது. 2007-ல் அந்தவதுவாகா ஊரில் கருத்தடைச் சேவை வந்தது. அதுவரை அதற்குச் சுமார் 50 கிலோமீட்டர் போக வேண்டும், நடந்தோ பாய்மரத் தோணியிலோ. அங்கே இல்லாதது மாத்திரை. இங்கே ஆரம்ப சுகாதார நிலையம் பஸ் தூரத்தில் இருக்கிறது. இங்கே இல்லாதது, பஸ் ஏறிப் போனால் மரியாதையாகக் காது கொடுத்துக் கேட்கும் ஆள். அங்கே எழுதிய திட்டத்தில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் இது எப்படிப் பிடிபடும்?

இலக்கு வைப்பது

இத்தனை பேருக்குக் கருத்தடை என்று இலக்கு வைப்பதை மத்திய அரசே 1996 ஏப்ரலில் கைவிட்டது. நீங்கள் அதை மறுபடி எடுக்காதீர்கள்.

பணத்தோடு முடிச்சுப் போடுவது

வலைக்கு மானியம், சுயஉதவிக் குழுக் கடன், மீன்பிடித் தடைக்கால நிவாரணம் எதுவானாலும் கருத்தடையோடு சேர்த்துப் பேசாதீர்கள். ஒரே பதிவேட்டில்கூட எழுத வேண்டாம்.

கூட்டத்தில் கை தூக்கச் சொல்வது

யாருக்குக் கருத்தடை வேண்டும் என்று கேட்டால் எந்தப் பெண் கை தூக்குவாள்? மாமியாரும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

ஊசி கையிருப்பைப் பார்க்காமல் பேசப் போவது

அந்தரா மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அடுத்த தவணை நான்கு வாரம் வரை தாமதிக்கலாம், அதற்கு மேல் ஆகாது. இரண்டாம் ஊசிக்குப் போனவரிடம் 'ஸ்டாக் இல்லை' என்றால், அடுத்து நிற்பது வேண்டாத கர்ப்பம். சுகாதார நிலையத்தில் விசாரித்துவிட்டே வாயைத் திறங்கள்.

ஆண்களை விட்டுவிடுவது

பெண்களிடம் மட்டும் பேசிவிட்டு, 'ஆண்கள் வருவதில்லை' என்று அறிக்கை எழுதுகிறார்கள். கடலுக்குப் போனவர் எப்படி வருவார்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு ஆட்கள் கரையில்தான் இருப்பார்கள், படகைப் பழுதுபார்த்துக்கொண்டு. அங்கே போய் உட்காருங்கள். தழும்பில்லாத வாசக்டமி என்ற ஆண் கருத்தடைச் சிகிச்சை செய்தவர் சில நாள் பாரம் தூக்கக் கூடாது. அவர்களுக்கு அதற்குத் தோதான காலம் வேறு இல்லை. செய்த அன்றே பலன் வராது, மூன்று மாதம் ஆணுறையோ வேறு ஏற்பாடோ வேண்டும், விந்துப் பரிசோதனைக்குப் பிறகே நிச்சயம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் விட்டதால் மனைவி கர்ப்பமாகி, வீட்டில் அவளைச் சந்தேகப்பட்டுப் பேசிய கதை இந்தக் கரையில் உண்டு.