கடை பூட்டும்போது ஒரு படம், திறக்கும்போது ஒரு படம்

மாலை கட்டடத்தைப் பூட்டும்போது மின்மானியைக் கைபேசியில் படம் எடுங்கள். காலையில் திறந்ததும் மறுபடி எடுங்கள். இரண்டுக்குமான வித்தியாசத்தை இடைப்பட்ட மணித்தியாலங்களால் வகுத்தால், ஆளில்லாத கட்டடம் சராசரியாக எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பது தெரியும். 14 மணித்தியாலத்தில் 42 அலகுகள் என்றால், இரவு முழுவதும் 3 கிலோவாட் ஓடியிருக்கிறது.

மாதப் பட்டியலில் குளிரூட்டி, வாடிக்கையாளர் கூட்டம், கொழும்பின் வெக்கை எல்லாம் கலந்துவிடும். இரவுக் கணக்கில் வீண்செலவு தனியாகத் தெரியும். நேரவாரிக் கட்டணம் (நேரத்துக்கேற்ப அலகின் விலை மாறும் கட்டணம்) செலுத்தும் கட்டடங்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனெனில் விலை கூடிய உச்ச நேரம் மாலை 6.30 முதல் 10.30 வரை. முதலில் தண்ணீர் இயந்திரத்தைப் பாருங்கள்: குடிக்க ஆளில்லாமலே அதன் வெந்நீர்த் தொட்டி விடியும்வரை திரும்பத் திரும்பச் சூடேறும். சுடுநீருக்கான தனி ஆளி பெரும்பாலும் பின்புறத்தில் இருக்கும். கழிப்பறைத் தொட்டி ஒழுகினால் மேல்மாடித் தண்ணீர்ப் பம்பும் இரவில் ஓடும். இதைப் பலர் கவனிப்பதேயில்லை.

பெரிய இணைப்புகளில் மின்மானி காட்டும் எண்ணை அதற்குரிய பெருக்குக் காரணியால் (அந்த எண்ணை உண்மையான அலகுகளாக மாற்றும் எண்) பெருக்க வேண்டும். ஹோட்டல், மருத்துவமனை, குளிர்களஞ்சியம் போன்ற இரவிலும் இயங்கும் இடங்களுக்கு இந்த முறை உதவாது. பல கடைகளுக்கு ஒரே மின்மானி என்றாலும் யாருடைய செலவு என்று பிரித்தறிய முடியாது.